கை இன்ஜினுக்குக் கட்டிய காப்பு

மகனே,

எந்திரத்தின் வரலாறு என்று நீ போனில் அனுப்பியதைப் படித்து முடித்தேன். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. முதல் தடவை, என் பிள்ளை இப்படி எழுதுகிறானே என்று பெருமையாக இருந்தது. இரண்டாம் தடவை ஓர் இடத்தில் வந்து நின்றுவிட்டேன். மூன்றாம் தடவை அந்த ஓர் இடத்தை மட்டும் படித்தேன். உடனே உனக்குப் போன் போட்டேன். நீ காலேஜில் மீட்டிங்கில் இருப்பதாகச் சொல்லி அவசரமாகப் பேசி வைத்துவிட்டாய். போன் என்றால் உன் குரல்தான் பெரிதாக இருக்கும், பாடம் நடத்திப் பழகிய வாய். கடிதம் என்றால் நான் முடிக்கும்வரை நீ குறுக்கே பேச முடியாது. முப்பது வருஷத்துக்கு மேல் இந்த மலையில் போஸ்ட் ஆபீஸ் நடத்தியவள் நான். அடுத்தவர் கடிதத்துக்கு முத்திரை குத்தியே கை காய்த்துப்போனவள். சொந்தப் பிள்ளைக்கு இவ்வளவு நீளமாக எழுதுவது இதுதான் முதல் தடவை, அதுவும் சண்டை போடுவதற்கு. உறையை ஒட்டாமல்தான் அனுப்புகிறேன். அனுப்புவதற்கு முன் ஊரில் ஐந்து வீட்டுக்காரர்களுக்கு வாசித்தும் காட்டப்போகிறேன். எந்த ஐந்து வீடு என்பது போகப்போகத் தெரியும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். அந்த நீராவி மண்வாரியைப் பற்றி இத்தனை விவரத்தை எங்கே பிடித்தாய்? சீமையில் செய்து, கழற்றிக் கப்பலில் ஏற்றி, இங்கே கொண்டுவந்து பூட்டியது, எந்தெந்த மேட்டை வெட்டித் தண்டவாளத்துக்கு வழிவிட்டது, அதன் வாளி ஒரு தடவைக்கு எவ்வளவு மண் அள்ளும், சங்கிலி அறுந்தால் மாற்ற எத்தனை ஆள் வேண்டும், எல்லாவற்றையும் எழுதியிருக்கிறாய். நாலு ஊரில் உழைத்து ஓடாய்த் தேய்ந்த பிறகுதான் அது நம் மலையடிவாரத்துச் சரளைமேட்டுக்கு வந்தது என்பது எனக்கே புதுச் செய்தி. ரயில் பெட்டி மாதிரி தண்டவாளத்தின் மேலேயே நிற்கும். முன்னால் நீட்டிய இரும்புக் கையால் மேட்டைச் சுரண்டி அள்ளி, அப்படியே திரும்பி, பக்கத்து லைனில் நிற்கும் வேகனில் கொட்டும். எட்டிய மண் தீர்ந்துவிட்டால், ஆட்கள் முன்னால் இரண்டு துண்டுத் தண்டவாளம் போட்டுக் கொடுப்பார்கள், நாலடி நகரும். அந்தக் கையைப் பார்த்துத்தான் எங்கள் ஆட்கள் அதைக் கை இன்ஜின் என்றார்கள். அந்தப் பெயரையும் விடாமல் எழுதியிருக்கிறாய், சந்தோஷம். இத்தனை வருஷம் குவாரிக் குழியில் முள்ளுக்குள் கிடந்ததை இழுத்து வந்து, துரு சுரண்டி, பெயின்ட் அடித்து, ரயில்வே ஸ்டேஷன் வாசலில் நிறுத்தியிருக்கிறார்கள். பக்கத்தில் வைக்கும் கல்லுக்கு வாசகம் உன்னுடையது. வெள்ளிக்கிழமை திறப்புவிழா. அதில் வேலை பார்த்த ஃபயர்மேனின் மகள் என்பதால் குத்துவிளக்கு ஏற்றப்போவது நான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

இனி அந்த ஓர் இடம். நீ எழுதியதை அப்படியே எழுதுகிறேன், மறந்திருந்தால் படித்துக்கொள். "மலைவாழ் தொழிலாளர்களின் மூடநம்பிக்கையால் பணி தடைபட்டது. கவனிப்பாரின்றிக் கொதிகலன் பழுதாகி எந்திரம் கைவிடப்பட்டது. எந்திரத்தின் கைக்கே அவர்கள் காப்புக் கட்டிய வேடிக்கையும் நடந்தது." நாலு பக்கத்தில் நட்டுக்கும் போல்ட்டுக்கும் இடம் இருந்திருக்கிறது. வேலை செய்த ஆட்களுக்குக் கிடைத்தது இந்த மூன்று வரி, கல்லுக்கும் நீ கொடுத்திருப்பது இதே மூன்று வரிதான்.

போனில் நான் கத்தியதும் நீ என்ன சொன்னாய்? "ஏம்மா, நீதானேம்மா சொன்ன? என் கல்யாணத்துல பந்தில ஒக்காந்துகினு சொன்னியே, மாமனாரு வூட்டு ஜனமெல்லாம் விழுந்து விழுந்து சிரிச்சாங்களே? கல்லுல வெட்டக் குடுத்தாச்சும்மா. இப்ப போய் மாத்துன்னா எனக்குத்தான் அசிங்கம்." நீ சொன்னது பொய்யில்லை. நான்தான் சொன்னேன். அதனால்தான் இந்தக் கடிதம். ஆனால் உனக்கு அசிங்கமாக இருக்குமே என்று நான் அடங்கிப் போவேன் என்று நினைத்தாயானால் உன் அம்மாவை நீ இன்னும் புரிந்துகொள்ளவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன், கேள். நம் ஊரிலிருந்து ஆறு பேர் அந்தக் குவாரிக்கு வேலைக்கு இறங்கினார்கள். அதில் ஒருவர் என் அப்பா, உன் தாத்தா. முதலில் அந்தத் துண்டுத் தண்டவாளம் தூக்கும் வேலை. பிறகு அடுப்புக்கு நிலக்கரி அள்ளிப் போட ஆள் இல்லாமல் இவரை ஏற்றினார்கள். ஏறியவர் இறங்கவே இல்லை, ஃபயர்மேன் ஆகிவிட்டார். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் பாய்லர் உள்ளே தண்ணீர் கொதிக்கும் சத்தத்தை வைத்து, எவ்வளவு இருக்கிறது என்று சொல்லிவிடுவார். தண்ணீர் அளவு பார்க்க பாய்லரில் ஒரு கண்ணாடிக் குழல் இருக்கும், அது உனக்கே தெரியும். அங்கே ஊற்றியது குவாரிக் குட்டைத் தண்ணீர். சுண்ணாம்பு கட்டிக் குழலின் கீழ்த்துவாரம் அடைத்துக்கொள்ளும். பாய்லரில் தண்ணீர் இறங்கினாலும் கண்ணாடி பாதி நிறைந்தே காட்டும். பொய் சொல்லும் கண்ணாடி. புதுக் கண்ணாடி கேட்டுக் கேட்டு அலுத்துப்போன அப்பா, அதைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். பாய்லரின் பக்கவாட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று சின்னக் குழாய்கள் உண்டு. அரை மணிக்கு ஒரு தடவை அவற்றைத் திறந்து, தண்ணீர் வருகிறதா வெறும் ஆவி வருகிறதா என்று பார்த்துத்தான் நெருப்புப் போடுவார்.

பங்குனியில் நம் ஊர் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டினால், அதை அவிழ்க்கிற வரை எட்டு நாளும் யாரும் மண்ணில் இரும்பு படவிடக் கூடாது. ஏர் இல்லை, மண்வெட்டி இல்லை, கடப்பாரை இல்லை. நீ சின்ன வயதில் கிரிக்கெட் ஸ்டம்பு நட்டு என்னிடம் அடி வாங்கினாயே, அந்த எட்டு நாள்தான். ஒரு மாதம் முன்பே ஆறு பேரும் போய்க் குவாரி மேனேஜரிடம் சொல்லியிருக்கிறார்கள். "ஐயா, எட்டு நாளு எங்க ஊருல காப்பு. நாங்க மேல போய்ட்டு வர்றோம். நெருப்ப அணைச்சு எல்லாத்தையும் பத்தரமா வெச்சுட்டுப் போறோம்" என்று அப்பா சொல்ல, "போய்ட்டு வாங்கடா, இன்ஜினும் கொஞ்சம் ஓய்வு எடுக்கட்டும்" என்று அந்த ஆளும் சம்மதித்தார். போகிற அன்று அப்பா இன்னொன்றும் சொன்னார். "யாராச்சும் நெருப்பு போட்டா கண்ணாடிய நம்ப வேணாம்ங்க. கொழாயத் தெறந்து பாக்கச் சொல்லுங்க." சொன்னதோடு விடவில்லை. தனக்கு எழுதி வைக்கத் தெரியாது. ஆகவே கையில் கட்டக் கொண்டுவந்திருந்த மஞ்சள் துணியில் ஒன்றை எடுத்து, ஒரு மஞ்சள் கிழங்கை முடிந்து, அந்தக் கண்ணாடிக் குழலைச் சுற்றி இறுக்கிக் கட்டிவிட்டு வந்தார். பார்க்கக்கூட முடியாதபடி.

கவனித்தாயா? கையில் இல்லை, கண்ணாடியில்.

ஐந்தாம் நாள் வேகன்கள் வந்து நின்றுவிட்டன. மேனேஜருக்குப் பொறுக்கவில்லை. செங்கம் பக்கத்திலிருந்து ஒரு புது ஆளைக் கூட்டிவந்து நெருப்புப் போட வைத்தார். மதியத்துக்குள் பாய்லரில் தண்ணீர் அடியோடு இறங்கி, அடுப்பின் கூரையில் இருந்த ஈய அடைப்பு உருகி, ஆவி முழுவதும் அடுப்புக்குள் பாய்ந்தது. கூரைத் தகடு தொங்கிப்போயிற்று. புது ஆளின் இரண்டு கால்களும் வெந்துபோயின. அதோடு அந்த எந்திரம் எழுந்திருக்கவில்லை. மேலிடத்துக்கு மேனேஜர் எழுதிய அறிக்கை, நீ இப்போது எழுதியிருக்கிறாயே, கிட்டத்தட்ட அதேதான். மலை ஆட்கள் சாமி பெயரைச் சொல்லி ஓடிவிட்டார்கள், எந்திரம் கெட்டது. ஆறு பேருக்கும் வேலை போயிற்று. அதற்குப் பிறகு அடிவாரத்தில் எந்தக் குவாரியிலும் அவர்களைச் சேர்க்கவில்லை. "எந்திரத்த வெடிக்க வெச்ச ஊருக்காரனுங்க" என்பார்களாம். அப்பா மறுபடி சாமை விதைக்கவும் புளி உலுக்கவும் வந்துவிட்டார். அந்த மற்ற ஐந்து பேரின் வீடுகள்தான் நான் முதலில் சொன்ன ஐந்து வீடு.

இதெல்லாம் அப்பா சொன்ன கதை, ஒரு பக்கத்துக் கதை என்று நீ சொல்லலாம். ஆதாரம் கேட்கிற புத்தி உனக்கு உண்டு, அது நல்ல புத்திதான். நான் போஸ்ட் ஆபீஸில் சேர்ந்த புதிதில், ஒரு மத்தியானம் செங்கத்திலிருந்து ஒருவர் பஸ் ஏறி வந்து நம் வீட்டைத் தேடிப் பிடித்தார். கால் இழுத்து இழுத்து நடந்தார். அப்பா வாசலில் புளியங்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார். வந்தவர் உட்காரக்கூட இல்லை. "அண்ணே, அன்னிக்கி கை இன்ஜினுக்கு நெருப்பு போட்டவன் நான்தாண்ணே" என்றார். என் காதால் கேட்டேன். "கண்ணாடில துணி கட்டிக் கீதே, இன்னா சார் இதுன்னு மேனேஜரக் கேட்டேண்ணே. அவரே அவுத்து வீசிட்டு, மலையானுங்க மந்திரம்டா, பாரு, பாதி தண்ணி கீது, போடு நெருப்பன்னாரு."

அப்பா கொட்டை உடைக்கிற கல்லைக் கீழே வைத்தார். பிறகு, "கொழாயத் தெறந்து பாக்கணும்னு சொல்லிட்டுத்தானப்பா வந்தேன், அவரு உன்கிட்ட சொல்லலியா?" என்று கேட்டார்.

"ஒரு வார்த்த சொல்லலண்ணே. சொல்லியிருந்தா என் காலு இருந்திருக்குமே."

"சரி வுடு. காலு இப்ப நோவுதா?" என்றார் அப்பா. அவ்வளவுதான். என்னைச் சாமைச் சோறு போடச் சொன்னார். அந்த மனிதர் சாப்பிட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் இறங்கிப்போனார். நானாக இருந்தால் அப்போதே அவரைக் கூட்டிக்கொண்டு மேனேஜர் வீட்டு வாசலில் போய் நின்றிருப்பேன். அப்பாவுக்கு அந்தக் குணம் கிடையாது. எனக்கு வந்தது என் அம்மாவின் குணம், இப்போது உன் தலையில் விடிகிறது.

இனி என் தப்பு. இதை எழுதத்தான் இரண்டு நாளாகத் தள்ளிப்போட்டேன். போஸ்ட் ஆபீஸுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை கீழேயிருந்து இன்ஸ்பெக்டர் வருவார். ஒரு வருஷம் வந்தவர் கணக்கெல்லாம் பார்த்துவிட்டு, டீ குடித்துக்கொண்டே, "இன்னாம்மா, உங்க மலையில இன்னும் மந்திரம், காப்புன்னுதான் காலம் போவுதா?" என்று சிரித்தார். எனக்குக் கூசிப்போயிற்று. நானும் படித்தவள், நானும் அவர்களில் ஒருத்தி என்று காட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. என்னைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன் நானே என் ஜனங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டால் தப்பித்துவிடலாம் என்று தோன்றியது. "அத ஏன் கேக்கறீங்க சார், எங்க அப்பாரு இன்ஜினுக்கே காப்பு கட்டினவரு!" என்று ஆரம்பித்தேன். கண்ணாடியில் கட்டியதைச் சொன்னால் விளக்க வேண்டும், அதில் சிரிப்பு இல்லை. அதனால் அந்த இரும்புக் கையில், மாப்பிள்ளைக்குக் கட்டுகிற மாதிரி கட்டினார் என்று மாற்றிச் சொன்னேன். இன்ஸ்பெக்டர் டீ சிந்தச் சிந்தச் சிரித்தார். அப்பா வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியும். இன்ஸ்பெக்டர் போன பிறகு அப்பா உள்ளே வந்து, "கையில இல்லம்மா, கண்ணாடில" என்றார். "சும்மா இருப்பா, கதைக்குத்தானே" என்றேன் நான். அவர் அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நீ பிறப்பதற்கு முந்தின வருஷம் போய்ச் சேர்ந்தார். நான் மட்டும் அந்தக் கதையைக் கல்யாணத்துக்குக் கல்யாணம் சொல்லிக் கைதட்டு வாங்கிக்கொண்டிருந்தேன். உன் கல்யாணம் வரைக்கும்.

ஆக, அந்த மேனேஜர் எழுதிய பொய்க்கு அழகு செய்து, என் அப்பாவின் தலையில் நானே கட்டினேன். நீ அதைக் கல்லில் ஏற்றிவிட்டாய். இதை எழுதும்போது என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது. உன்மேல் வருவது அதில் பாதிதான். ஆனால் அந்தப் பாதியையும் நீ வாங்கித்தான் ஆக வேண்டும். எந்தக் கப்பல் என்று தேட உனக்கு ஆறு மாதம் இருந்தது. அம்மாவிடம், "அந்தக் கதை நெஜந்தானாம்மா?" என்று ஒரு வார்த்தை கேட்க அரை நிமிஷம் இல்லை. சிரிப்பு வருகிற கதையைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவன் நீ, இதை மட்டும் என்னிடமிருந்து எடுத்துக்கொள்.

இன்னொன்று. நீ நல்ல பிள்ளை, இதைப் படித்ததும் ஓடிப்போய், "அது மூடநம்பிக்கையே அல்ல, பாதுகாப்பு நடவடிக்கை" என்று மாற்றி எழுதுவாய். என் அப்பாவுக்குக் கோட்டுப் போட்டு இன்ஜினியர் ஆக்குவாய். அதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவர் சாமிக்குப் பயந்துதான் எட்டு நாள் மண்ணைத் தொடவில்லை. அந்தத் துணியில் மஞ்சள் கிழங்கு முடிந்தது மாரியம்மனை நினைத்துத்தான். அதே துணியை எங்கே கட்ட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது பாய்லர் தெரிந்ததால். இரண்டும் ஒரே மனிதர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அந்த மேனேஜர் வேலையை நிறுத்திவிட்டு வீட்டில் கால் நீட்டிப் படுத்தாரே, அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லையே? சொல்லி, ஒப்புதல் வாங்கி, நெருப்பு அணைத்து, எச்சரிக்கை சொல்லிவிட்டு ஊருக்குப் போன ஆறு பேருக்கு மட்டும் எதற்கு அந்தப் பெயர்? நாங்கள் சாமி கும்பிடுவதற்கு உன் கல்லிடம் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை.

எனக்கு வேண்டியது பாராட்டு வரி அல்ல. நடந்ததை எழுது. ஆறு பேர் முன்கூட்டிச் சொல்லிவிட்டு ஊர்த் திருவிழாவுக்குப் போனார்கள். கண்ணாடி பொய் காட்டும் என்று ஃபயர்மேன் சொன்னார், அதைத் துணியால் மூடியும் வைத்தார். துணியை அவிழ்த்துவிட்டு எந்திரத்தை ஓட்டினார்கள், அது கெட்டது. இவ்வளவுதான். மூன்று வரிக்கு மூன்று வரி, கல்லில் இடம்கூடக் கூடுதலாக வேண்டாம். கல் வெட்டியாகிவிட்டது என்றால் வேறு கல் வாங்கு. தப்பாக எழுதிவிட்டேன் என்று பத்துப் பேர் முன்னால் சொல்வது அசிங்கம் இல்லை. நான் இன்று காலை ஐந்து வீட்டுக்கும் போய், இத்தனை வருஷம் உங்கள் அப்பன்களை நான் கேலிப் பொருள் ஆக்கினேன் என்று சொல்லிவிட்டுத்தான் வந்து இதை முடிக்கிறேன். ஒரு வீட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மற்ற வீடுகளில் காபி கொடுத்தார்கள். நான் இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் நாங்கள் பதினோரு பேர் இறங்குகிறோம். ஐந்து வீட்டிலிருந்தும் ஆள் வருகிறார்கள், முகத்தைத் திருப்பிக்கொண்ட வீட்டிலிருந்தும். நீ அனுப்பிய படத்தில், பாய்லரில் புதுக் கண்ணாடிக் குழல் பொருத்தியிருப்பதைப் பார்த்தேன். முழ நீளத்துக்கு ஒரு துணியைக் கிழித்து, மஞ்சளில் நனைத்து, இதோ என் எதிரில் கொடியில் காயப்போட்டிருக்கிறேன். கிழங்கும் எடுத்து வைத்துவிட்டேன். கல்லில் உள்ள வரி மாறியிருந்தால், அந்தக் கண்ணாடியில், அப்பா கட்டிய இடத்திலேயே கட்டிவிட்டு, நீ சொல்கிறபடி விளக்கேற்றுகிறேன். மாறவில்லை என்றால் அதே துணியை அந்தக் கல்லின் மேல், அந்த மூன்று வரி மறைகிற மாதிரி இறுக்கிக் கட்டுவேன். மேடையில் இருக்கிறவர்கள் இது என்ன என்று கேட்டால், "இத நம்பாதீங்க, கொழாயத் தெறந்து பாருங்க" என்று சொல்வேன்.

துணி கட்டப்போவது உறுதி. எங்கே என்பதை நீ வெள்ளிக்கிழமைக்குள் முடிவு செய்துகொள்.

அன்பு குறையாத, ஆனால் ஒரு வரியும் விட்டுக்கொடுக்காத,
உன் அம்மா